கணக்கில் வராத பிரயாணிகள்

மண்டபத்தில் பஸ் நின்றுவிட்டது. 2024 நவம்பர் 20ந் தேதி பகல். பாம்பனில் மீனவத் தோழர்களின் கூட்டத்திற்காக இராமநாதபுரத்திலிருந்து புறப்பட்ட நான், பாலத்துக்கு இப்பால் ஒரு டீக்கடைக் கொட்டகையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத மழை. அது புயல்கூட அல்ல. பெயர் வைக்காத வெறும் மழை. ஆனாலும் அந்த ஒரே நாளில் இராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. வண்டியை நிறுத்திய ஓட்டுனர் சரியான காரியத்தைத்தான் செய்தார்.

கார்களில் வந்த யாத்திரிகர்கள் விடுதி தேடிப் போய்விட்டார்கள். பஸ்காரர்கள் நாங்கள் மிஞ்சினோம். கருவாட்டுக் கூடையுடன் ஒரு வயதான அம்மா, சித்தாள் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், படகில் கூலிக்குப் போகும் நாலைந்து வாலிபர்கள். பேச்சு தானாகவே கூலியின் பக்கம் திரும்பியது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி ஒரு வாலிபர் ஏதோ சொல்ல, அந்த அம்மா குறுக்கிட்டார்: “கூண்டு ஏத்துறவருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துருது தம்பி. கூண்டைப் பாத்துக்கிட்டுக் கரையில குந்தியிருக்கிற எம் மகனுக்கு யாரு குடுப்பா?”

எங்கள் வகுப்புகளில் ஒரு மணி நேரம் பேசியும் விளங்க வைக்க முடியாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தோழர்களே, இதே கரையில் 1964ல் நடந்ததை நம் இளைஞர்களில் பலர் பேய்க்கதையாகவே கேட்டிருக்கிறார்கள். அது பேய்க்கதையல்ல. தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17ந் தேதியே தோன்றிய காற்று, 22ந் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து நம் பக்கம் திரும்பியது. திடீரென்று முளைத்ததல்ல, நாட்கணக்கில் நடந்து வந்த புயல். அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து 653ம் நம்பர் பாசஞ்சர் ரயில் வழக்கம்போல் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. ஊருக்குச் சற்று முன்னால் கைகாட்டி இறங்கவில்லை. ஓட்டுனர் காத்திருந்து பார்த்துவிட்டு, ஊதிக்கொண்டே இருட்டில் வண்டியை மெல்ல நகர்த்தினார் என்பார்கள். எழும்பி வந்த கடல் ரயிலை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று.

ரயில்வே கணக்கின்படி பிரயாணிகள் 110, சிப்பந்திகள் 5. ஆக 115 பேர். இது விற்ற டிக்கெட்டை எண்ணிப் போட்ட கணக்கு. டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்று சொல்லப்படுகிறது. அப்படி வருகிறவன் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறவன், மீன்கூடைக்காரி, சேதுவில் முழுக வந்த ஏழை. டிக்கெட் வாங்காத குற்றத்துக்குச் சட்டத்தில் அபராதம் உண்டு. இவர்களுக்கு விதித்த அபராதம், செத்தவர் பட்டியலிலும் இடம் இல்லை என்பது.

தந்திக்கம்பிகள் அறுந்து கிடந்தன. ரயிலின் கதி வெளியுலகுக்கு முழுவதும் தெரிய இரண்டு நாளாயிற்று. அடுத்த வாரமே, டிசம்பர் 30ல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மத்திய காங்கிரஸ் சர்க்கார் நாடெங்கும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களை ஒரே இரவில் வளைத்துப் பிடித்துச் சிறையில் அடைத்தது. அந்த வேலைக்கு மட்டும் எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை.

பாம்பன் ரயில் பாலம் ஆறு மாதத்தில் சீராகும் என்றார்கள். 46 நாளில் சீராகிவிட்டது. பொறுப்பேற்ற இளம் எஞ்சினியர் ஸ்ரீதரனை நாடு அறியும், பாராட்டுவதில் தவறில்லை. கடலில் கிடந்த இரும்பு உத்தரங்களை மீட்டுத் தூக்கி நிறுத்திய தொழிலாளிகளின் பெயர்களை யார் அறிவார்? பாலத்துக்கு அவசரம் இருந்தது. தனுஷ்கோடி ஊருக்கு இல்லை. 1914 முதல் கப்பல்களில், பின்னாளில் ‘இர்வின்’, ‘கோஷன்’ கப்பல்களில், நம் ஏழை மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றி அனுப்பிய துறைமுகம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தவரை ஆஸ்பத்திரியும் தபாலாபீசும் ரயில் நிலையமும் அங்கே இருந்தன. புயலுக்குப் பின், மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துக் கையைக் கழுவிக்கொண்டது. மீனவர்கள் போகவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து, மின்விளக்கில்லாமல் பல பத்தாண்டுகள் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார்கள்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ரோடு வந்தது 2017ல். புயலடித்து 53 வருடம் கழித்து! ஒன்பதரைக் கிலோமீட்டர். ரோடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மீனவன் மீனும் அதில்தான் போகிறது. ஆனால் இப்போதும் கடல் கொந்தளித்தால் முதலில் செய்வது சுற்றுலாக் கார்களைத் திருப்பி அனுப்புவது. காருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. குடிசைக்கு?

இயற்கையை யார் தடுக்க முடியும் என்பார்கள். காற்றைத் தடுக்க முடியாது, சரி. தனுஷ்கோடி அழிவதற்கு ஒரு வருடம் முன்னால், 1963 அக்டோபரில், ‘புளோரா’ சூறாவளி கியூபாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. புரட்சி நடந்து ஐந்து வருடம்கூட ஆகாத ஏழை நாடு அது. அதற்குப் பின் அங்கே தெருவுக்குத் தெரு பட்டியல் எழுதினார்கள்: படுக்கையில் கிடக்கும் கிழவர் யார், கர்ப்பிணி யார், யாரை எந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று. 2008ல் ‘ஐக்’ சூறாவளி வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்னதாகவே இடம் மாற்றினார்கள்; மாண்டவர் 7 பேர். நம் ஒடிசாவிலும் 1999ல் சுமார் 10,000 பேரைப் பலிகொடுத்த பிறகு, 2013ல் பல லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தி உயிர்ச்சேதத்தைப் பெருமளவு குறைத்தார்கள். ஆக, முடியாத காரியமல்ல. பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் இருக்கிறதா என்று பாராமல் எழுத வேண்டும்.

உயிர் பிழைத்தால் போதுமா? வயிறு இருக்கிறதே. கடலுக்குப் போகாதே என்று சர்க்கார் உத்தரவு போடுகிறது, நல்ல உத்தரவு. அந்த நாட்களுக்கான கூலி? படகு முதலாளிக்குப் படகு நிற்கிறது. பங்குக்குப் போகும் கூலிக்காரனுக்கு அடுப்பு நிற்கிறது. இது கடற்கரையோடு நிற்கும் விஷயமல்ல. மழையில் பஸ் வராமல் ஷிப்டுக்குப் பிந்திப் போய் அரை நாள் கூலியை இழந்த ஆலைத் தோழனுக்கு இது தெரியும். வயலில் தண்ணீர் நின்றால் வேலையில்லை, வடிந்தாலும் வேலையில்லை என்று திருவாடானைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். வேலைக்குப் போகாதே என்று உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு உண்டோ, அந்த நாளுக்குக் கூலி தரும் கடமையும் அவருக்கே. இந்தக் கோரிக்கையைச் சங்கங்கள் கையெழுத்து வாங்கி ஒவ்வொரு தாலுகா ஆபீசிலும் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மனு எழுதினால் காகிதம் நனைந்துபோகும்.

இருட்டும் நேரத்தில் பஸ் புறப்பட்டது. கூட்டம் நடக்கவில்லை. கருவாடு நனைந்து நாறத் தொடங்கியிருந்தது. டீக்கடைக்காரரிடம் பாதி விலைக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டு, மிச்சத்தை அந்த அம்மா சாக்கடையில் கொட்டினார். காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் முன்னால் ஏறி, பாம்பனுக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.