எலும்பிடம் வயது கேட்கிறவர்கள்

வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடணும். தொட்டா ஒண்ணாங்கிளாஸ். இல்லன்னா அடுத்த வருஷம் வா. எனக்கு எட்டல. எங்க சேரியில் பாதிப் பேருக்கு எட்டல. கஞ்சி குடிச்சு வளர்ந்த கை. '77 புயலுக்கு மறுவருஷம், குறுவை அறுப்பு சமயம் பொறந்தான்' என்று அம்மா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் வாத்தியார் ஜூன் 1 என்று போட்டார். இன்றுவரை அதுதான் என் பிறந்தநாள்.

காது தொடச்சொன்ன வேலையை இப்போது எக்ஸ்ரே செய்கிறது. இடது மணிக்கட்டைப் படம் எடுக்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு எலும்பின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே குருத்தெலும்பு உண்டு. படத்தில் அது இடைவெளியாகத் தெரியும். வளர்ச்சி முடியும்போது மூடிக்கொள்ளும். பல்லில் வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஞானப்பல் எந்த நிலையில் என்றும் பார்ப்பார்கள். வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வைத்தியம் பார்க்க, பல்லுக்குக் கம்பி கட்ட இது உதவும். மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் படத்தை எதோடு ஒப்பிடுகிறார்கள்? உலகம் முழுக்கப் புழங்கும் கிரூலிச்–பைல் படநூல் 1950இல் வந்தது. அதில் இருப்பவை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைகள். பல்லுக்கு 1973இல் டெமிர்ஜியன் போட்ட கணக்கு பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளுடையது. பாலும் முட்டையும் தின்ற அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் செங்கல் சூளையில் கல் அறுக்கிற கையை வைத்துப் பாருங்கள். சத்துக்குறைவு எலும்பின் முதிர்வைத் தாமதப்படுத்தும் என்பது மருத்துவமே சொல்வது.

சட்டத்துக்கும் இது தெரியும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு முதலில் பள்ளிச் சான்று, அடுத்து பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்பு என்கிறது. முன்பின் 2 வருஷம் தவறலாம் என்று உச்சநீதிமன்றம் 1982லேயே ஜெயமாலா வழக்கில் சொல்லிவிட்டது. சரி, அந்த 2 வருஷம் யார் தலையில் விழுகிறது? போலீஸ் பிடித்த பையனுக்கு அது சாதகமாகலாம்; பெரியவர்கள் சிறைக்குப் போகாமல் தப்பலாம். வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு? போக்சோ வழக்குகளில் எலும்பு காட்டும் வயதின் மேல்வரம்பை எடுத்து, அதோடு 2 வருஷம் கூட்டவேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2024இல் சொன்னது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்காம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. படம் 16–18 என்றால் அவளுக்கு 20. அப்புறம் அவள் குழந்தையே இல்லை.

காகிதம் இருக்கிற வீட்டுப் பிள்ளையை எவனும் எக்ஸ்ரே மேசைக்குக் கூப்பிடுவதில்லை. பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் காசே கிடையாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் நடக்கும். தோழர்களே, இந்த இதழ் கைக்கு வந்த வாரமே உங்கள் தெருவில் சான்று இல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். அம்மாக்கள் புயலையும் அறுப்பையும் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.