தலைப்பிரட்டைப் புட்டியும் திண்ணைக் கிளிக்கூண்டும்

ஐப்பசி மழை பிடித்து விக்கிரமங்கலத்துக் குளங்களில் நீர் ஏறிவிட்டால், மாலையில் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளின் கிதாபுப் பையோடு ஒரு தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து வரும். உள்ளே கருமணி சிதறியதுபோல் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருக்கும். சென்ற மழைக்காலத்தில் ஒரு சிறுவன் அவற்றைப் பள்ளிவாசல் ஹவுளில் கொட்டிவிட்டான். ஒளுச் செய்ய வந்தவர்களிடையே பெரிய வாக்குவாதம் எழுந்தது. நீர் அசுத்தமாகிவிட்டதா, தொழுகை கூடுமா என்றெல்லாம் கேட்டார்கள். இரண்டு குல்லத்துக்கு மேற்பட்ட நீர், நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை தூய்மை கெடுவதில்லை என்று ஹஜ்ரத் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார். எல்லோரும் நிம்மதியாக ஒளுச் செய்தார்கள். கொட்டப்பட்ட உயிர்கள் என்னவாயின என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. மஃரிபுக்குள் ஹவுளின் மீன்கள் அவற்றைத் தின்று முடித்திருந்தன.

அச்சிறுவனை அழைத்து விசாரித்தோம். வெளிநாட்டார் கண்ணாடித் தொட்டியில் நியூட் வளர்ப்பதைக் கைபேசியில் பார்த்திருக்கிறான். பல்லியின் உடலும் மீனின் வாலும் கொண்ட அந்த நீர்நில உயிரி நம் ஊரிலும் கிடைக்கும் என்று அவனுடைய கூட்டாளி சத்தியம் செய்திருக்கிறான். நான்கு கால் முளைத்து, வால் இன்னும் உதிராத தவளைக்குஞ்சைத்தான் இருவரும் நியூட் என்று எண்ணியிருக்கிறார்கள். பிழைதான்; ஆனாலும் கூர்ந்து பார்த்தவனால் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அதற்காக அவனைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் நியூட் இல்லை. இந்தியாவில் அந்த இனத்தைக் காண வேண்டுமானால் டார்ஜிலிங் முதலான கிழக்கு இமயமலைப் பகுதிகளுக்கும் வடகிழக்கு மலைகளுக்கும் செல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியைக் கற்களுக்கும் சருகுகளுக்கும் அடியில் கழிக்கும் அந்த உயிர்கள், மழை தொடங்கியதும் குட்டைகளுக்கு இறங்கி வந்து முட்டையிடும். குட்டையைத் தூர்த்து வீடு கட்டினால் அவ்விடத்துத் தலைமுறையே அற்றுப்போகும். டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரி என்னும் சிறிய இடம் இவற்றுக்காகவே சரணாலயமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் மலைக்குளிரில் வாழும் உயிர் அரியலூர்ச் சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கும்?

வளர்ப்பு மோகம் செய்யும் கேட்டுக்கு நெதர்லாந்து ஒரு சான்று. ஆசியாவிலிருந்து விற்பனைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட இத்தகைய உயிர்களோடு ஒரு தோல் பூஞ்சையும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. 2010ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் காடுகளில் இருந்த நெருப்புச் சாலமாண்டர்கள் ஏறக்குறைய முழுவதுமாக மடிந்துபோயின. 2013இல்தான் அப்பூஞ்சை இன்னதென்று அடையாளம் காணப்பட்டது. அலுத்துப்போன வளர்ப்பு மீனையும் ஆமையையும் "புண்ணியமாகப் போகட்டும்" என்று ஏரியில் விடுகிற நம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நம் புட்டிக்கு வருவோம். ஒரு புட்டியில் ஐம்பது தலைப்பிரட்டைகளை அடைத்துச் சோற்றுப் பருக்கையைப் போட்டால், மறுநாளே நீர் அழுகிக் காற்றுக் குறைந்துவிடும். பெருந்தவளையின் குஞ்சு ஒன்று இடையில் இருந்தால் அது மற்றவற்றைத் தின்னத் தொடங்கும். இவற்றுக்கெல்லாம் தப்பி முன்னங்கால் முளைத்தவற்றுக்கும் ஒரு சோதனை உண்டு. அதுவரை செவுளால் மூச்சுவிட்ட உயிர் அப்போது நுரையீரலுக்கு மாறுகிறது. ஏறி அமர ஒரு கல்லோ மேடோ இல்லையென்றால் நீரிலேயே மூழ்கிச் சாகும். பிறந்த நீரில் மூழ்கிச் சாவதைவிடப் பரிதாபம் உண்டோ! நெல்வயலில் பூச்சி தின்று உழவருக்கு உதவும் தவளையின் கதை இது. கால் இறைச்சிக்காக இலட்சக்கணக்கில் பிடித்து அனுப்பப்பட்ட அந்த உயிரின் ஏற்றுமதியை இந்திய அரசு 1987இல் தடை செய்ய நேர்ந்தது. மருந்துக்காகத் தவளையைக் கொல்வது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

இதையெல்லாம் அச்சிறுவனிடம் பொறுமையாகச் சொன்னோம். கேட்டுவிட்டு அவன் கேட்ட எதிர்க்கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது: "அப்படியென்றால் எங்கள் வாப்பா வளர்க்கிற கிளி?"

அவ்வீட்டுத் திண்ணையில் ஒரு பச்சைக்கிளிக் கூண்டு தொங்குகிறது. வருவோருக்கு அக்கிளி ஸலாம் சொல்லும். வீட்டார்க்கு அதில் பெருமை. விருந்துக்குப் போன நாமும் கேட்டு மகிழ்ந்தவர்களே. சிறகு கத்தரிக்கப்பட்ட அது, ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டது. இன்னும் சில வீடுகளில் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையில் நட்சத்திர ஆமையை ஒளித்து வளர்க்கிறார்கள். ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ் என்று ஓதிக்கொண்டே ஆமை ஓட்டில் அதைத் தேடுவது என்ன ஈமான் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கிளி வளர்ப்போர் உடனே அபூ உமைர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவர். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அச்சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடினார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்து அவர் மனத்தை ஆற்றினார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டி ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி ஏடே எழுதினார். உணவும் நீரும் தந்து பேணுவோர் பறவை வளர்க்கலாம் என்பதும் அறிஞர்கள் இதிலிருந்து கண்ட சட்டமே. இதை நாங்கள் மறுக்கவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எங்களுக்கு இல்லை. ஆனால் அதே அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் பயண நிகழ்ச்சியும் இருக்கிறதல்லவா? தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். குஞ்சை எடுத்தவர்கள் அதற்குத் தீனி போடுவார்களா, நீர் வைப்பார்களா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. நம் திண்ணைக் கிளி எந்த நிகழ்ச்சியோடு பொருந்தும் என்பதை வளர்ப்பவரே எண்ணிப் பார்க்கட்டும்.

நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி அதன் இரண்டாம் அட்டவணையிலும் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையிலும் உள்ளன. "எல்லா வீட்டிலும்தானே இருக்கிறது" என்பது வனத்துறையிடம் செல்லாத வாதம். சிறகு கத்தரித்த கிளியைக் கூண்டைத் திறந்து பறக்கவிடுவதும் பரிவாகாது. பூனைக்கோ காக்கைக்கோ அது இரையாகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

பிள்ளைகளின் ஆசைக்கு வழியில்லாமலும் இல்லை. நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் மதரஸாப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். தலைப்பிரட்டையைப் பார்க்க அவ்வளவு தூரமும் வேண்டாம். குளத்து நீரையே ஒரு வெள்ளைத் தட்டில் மொண்டு, நான்கைந்தை மட்டும் விட்டு, கரையிலேயே அமர்ந்து பார்த்துவிட்டு அதே குளத்தில் ஊற்றிவிடலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் கால் முளைப்பதும் வால் சுருங்குவதும் தெரியும்.

அச்சிறுவன் இப்போது அப்படித்தான் பார்க்கிறான். தட்டு அவனுடைய உம்மாவின் சமையலறையிலிருந்து வந்தது. அவனுடைய வாப்பாவிடமும் பேசினோம். "பத்து வருடம் கூடவே இருந்த உயிர், எப்படிக் கொடுப்பது?" என்றார். அவருடைய பாசத்தில் எங்களுக்கு ஐயமில்லை. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது கிளி எங்களுக்கு ஸலாம் சொன்னது.