வாத்தியார் ஏன் போனார்?

கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போனால் இன்னொரு கணக்கு வாத்தியார் வருவார். விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். இரண்டும் இரண்டும் நாலு என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. ஆனால், ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவர் போனால்? அவருடைய கையும் கண்ணும் அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவர், முன்னவர் கற்பித்ததை மறக்கச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். நடுவில் திகைத்து நிற்பவன் மாணவன்.

கலைத் துறைகளில் ஆசிரியர்கள் நிலைத்திருப்பதில்லையே, ஏன் என்று கேளுங்கள். "கலைஞர்கள் என்றாலே கோபக்காரர்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா?" என்று சொல்லிக் கையைக் கழுவி விடுவார்கள். இது சோம்பேறித்தனமான பதில் என்பது என் அபிப்பிராயம். மனிதர்களின் குணத்தைவிட, அவர்களை வைத்து நடத்தும் ஏற்பாடுதான் பெரும்பாலும் சண்டையை வளர்க்கிறது. அமெரிக்காவில் 24 ஆண்டுகள் நடந்து மறைந்துபோன ஒரு கல்லூரியின் கதை இதற்குச் சாட்சி.

ஒருவர் கையில் அதிகாரம்

கதை ஆரம்பிப்பது வேறொரு கல்லூரியில். புளோரிடா மாநிலத்தில் உள்ள ரோலின்ஸ் கல்லூரியின் தலைவர் ஹாமில்டன் ஹோல்ட், 1933-ம் ஆண்டில் ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்ற பேராசிரியரை வேலையிலிருந்து நீக்கினார். ரைஸ் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பித்தவர். வாய்த்துடுக்கு உள்ளவர். கல்லூரியின் நடைமுறைகளை எல்லார் முன்னிலையிலும் குறை சொன்னவர். அவர்மீது அடுக்கப்பட்ட புகார்களில், கடற்கரையில் அவர் உடுத்தியிருந்த உடைகூட இடம் பெற்றது! அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் விசாரணை நடத்தி, நிர்வாகத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் போன வேலை போனதுதான். அவருக்காகப் பரிந்து பேசிய வேறு சில ஆசிரியர்களுக்கும் அதே கதி.

ரைஸும் நண்பர்களும் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே பிளாக் மவுண்டன் கல்லூரியைத் தொடங்கினார்கள். தாங்கள் பட்ட பாடு இனி எவரும் படக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்கள். வெளியார் அடங்கிய நிர்வாக சபை கிடையாது. கல்லூரி ஆசிரியர்களுக்கே சொந்தம். அவர்கள் தேர்ந்தெடுத்த குழுதான் நிர்வாகம். அதில் மாணவர் பிரதிநிதிக்கும் இடம். கூடியவரை ஓட்டெடுப்பு இல்லை. பேசிப் பேசி ஒருமனதாக முடிவு செய்வார்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே பண்ணை வேலை பார்த்தார்கள். படிப்புக்கு மையம் கலை.

கேட்கவே இனிக்கிறது அல்லவா?

ஓவியம் கற்பிக்க ஜெர்மனியிலிருந்து ஜோசப் ஆல்பர்ஸ் வந்தார். அவர் மனைவி ஆனி நெசவுக் கலை கற்பித்தார். பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளியில் ஆல்பர்ஸ் ஆசிரியராக இருந்தவர். நாஜிகளின் நெருக்கடியால் அது 1933-ல் மூடப்பட்டது. அந்தப் பள்ளியில் அவர் ஆசிரியரானதே ஒரு சண்டையின் பலன்! தலைவர் வால்டர் கிரோப்பியஸோடு கொள்கை மோதல் முற்றி, யோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியர் 1923-ல் விலகினார். இட்டன் நடத்திய ஆரம்ப வகுப்பில்தான் ஆல்பர்ஸுக்குக் கற்பிக்க இடம் கிடைத்தது.

சொர்க்கத்தில் சண்டை

புதிய கல்லூரியின் ஒற்றுமை ஐந்து ஆண்டுகள் தாங்கியது. 1938-ல், ரைஸை விடுப்பில் போகும்படி சக ஆசிரியர்களே கேட்டுக் கொண்டார்கள். 1940-ல் அவர் ராஜிநாமா செய்தார். வேறோரிடத்திலிருந்து விரட்டப்பட்டவர், தாமே கட்டிய வீட்டிலிருந்தும் வெளியேறினார்.

1944-ல் இன்னொரு பிளவு. பிற்காலத்தில் நாடக விமர்சகராகப் பேரெடுத்த எரிக் பென்ட்லி தகராறில் வெளியேறினார். வேறு சில ஆசிரியர்களும் மாணவர்களும்கூடப் போனார்கள். 1949-ல், நிறுவியவர்களில் ஒருவரான தியோடர் டிரையரின் முறை. அவரோடு ஆல்பர்ஸ் தம்பதியும் விலகினார்கள். ஒரு சண்டையால் பௌஹவுஸில் ஆசிரியரான ஆல்பர்ஸ், மீண்டும் ஒரு சண்டையால் இடம் மாறினார். மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகம் அவரை வடிவமைப்புத் துறைத் தலைவராக ஏற்றுக் கொண்டது. பிளாக் மவுண்டனுக்கு நஷ்டம், யேலுக்கு லாபம்! 1957-ல் கல்லூரி மூடப்பட்டது.

"சண்டை இருந்தும் சாதித்தார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சிற்பி ரூத் அசாவா, ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் ஆகியோர் அங்கே படித்தவர்கள். மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953-ல் தம் நடனக் குழுவை அமைத்ததும் அங்கேதான். ராஷன்பர்க்குக்கும் கண்டிப்பான ஆல்பர்ஸுக்கும் ஒத்துப் போகவே இல்லை. ஆனாலும் தமக்கு வாய்த்த மிக முக்கியமான ஆசிரியர் ஆல்பர்ஸ்தான் என்று ராஷன்பர்க் பின்னாளில் சொன்னார். வகுப்பறையில் கருத்து மோதல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கலைக்கு அது உரம். அந்த மோதலைத் தாங்கிக்கொள்ளும் சக்தி வகுப்பறைக்கு இருந்தது, நிர்வாகத்துக்கு இல்லை.

குறை எங்கே?

ரோலின்ஸில் ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் இருந்தது. பிளாக் மவுண்டனில் எல்லார் கையிலும் இருந்தது. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான்: பிடிக்காதவர் மூட்டை கட்டினார்.

காரணம் எளிது. ஓட்டெடுப்பில் இன்று தோற்றவன் நாளை ஜெயிக்கலாம் என்று காத்திருப்பான். ஒருமனதாகத்தான் முடிவு என்றால், ஒத்துக்கொள்ளாத ஒருவன் எல்லாருக்கும் முட்டுக்கட்டையாகத் தெரிவான். கௌரவமாகத் தோற்க அங்கே வழியில்லை. முறையிட வெளியார் யாரும் இல்லை. காலையில் கூட்டத்தில் மோதியவர்கள் ராத்திரி ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நிற்பது போல! சம்பளமோ சொற்பம். முதல் ஆண்டில் தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குச் சிறு தொகை, அவ்வளவுதான். கை வறண்டிருக்கும்போது சின்னச் சொல்லும் சுடும்.

ஆகவே, கலை கற்பிக்கும் எந்த நிறுவனமும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல இடமும், விசாரிக்க வெளியிலிருந்து ஒரு நடுநிலையாளரும் வேண்டும். இரண்டாவது, ரசனை வேறு, நடத்தை வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாணி பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரை நீக்கக் கூடாது. பெரிய கலைஞர் என்பதற்காகத் தவறான நடத்தையைப் பொறுக்கவும் கூடாது. மூன்றாவது, போகிறவரைக் கேட்க வேண்டும்: "ஏன் போகிறீர்கள்?" மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது. அவர் சொல்லும் பதிலைக் குறித்து வைத்து, அடுத்தவர் வருவதற்குள் குறையைச் சரி செய்ய வேண்டும்.

சண்டையே இல்லாத கலைக் கல்லூரியைக் கட்ட யாராலும் முடியாது. சண்டை போட்ட பிறகும், மறுநாள் காலையில் இருவரும் வகுப்புக்கு வரக்கூடிய கல்லூரியைக் கட்டலாம். தூரிகையோடு காத்திருக்கும் மாணவன் கேட்பது அவ்வளவுதான்.