பேஸ்மேக்கர் வைத்த பிறகும் நெஞ்சில் தொந்தரவா? வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

போன வருஷம் ஒரு சாயங்காலம், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்தார். "ஐயா, பேஸ்மேக்கர் வெச்சு மூணு வாரம் ஆகுது. விக்கல் நிக்கவே மாட்டேங்குது. நெஞ்சுக்குக் கீழ யாரோ தட்டுற மாதிரி இருக்கு. வாயுதான். ஏதாவது சூரணம் குடுங்க" என்றார். "ஓமத் தண்ணி குடுத்துப் பாத்தாச்சு, கேக்கல" என்றார் அந்த அம்மா.

உண்மையைச் சொல்கிறேன். என் கையும் பஞ்ச தீபாக்கினி சூரணம் பக்கம்தான் போனது. இருந்தாலும் பழக்கத்தில் நாடி பிடித்தேன். இன்னொரு கையை மேல்வயிற்றில் வைத்தேன். நாடி ஒருமுறை துடிக்க, வயிறும் ஒருமுறை துள்ளியது. எண்ணிப் பார்த்தேன், இரண்டும் ஒரே கணக்கு! வாயுவுக்கு எங்கே கடிகாரம் பார்க்கத் தெரியும்?

அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பினேன். ஒயர் கொஞ்சம் நகர்ந்து, அதன் மின்துடிப்பு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை வரைக்கும் போயிருக்கிறது. ஒயரைச் சரியான இடத்தில் பொருத்தியதும் விக்கல் நின்றது.

சித்த வைத்தியனே இப்படி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். ஏனென்றால், "மெஷின்தான் வெச்சாச்சே, இனி ஹார்ட்டுக்கு ஒண்ணும் வராது, இது வேற ஏதோ" என்று நினைத்து எங்களிடம் வருகிறவர்கள் அதிகம்.

பேஸ்மேக்கர் செய்வது ஒரே ஒரு வேலைதான். இதயம் மெதுவாகத் துடித்தால், நடுவே நின்று நின்று துடித்தால், தூண்டிவிடும். ரத்தக் குழாய் அடைப்பை அது எடுக்காது. ஆகவே பேஸ்மேக்கர் இருப்பவருக்கும் மாரடைப்பு வரலாம். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் சுக்குக் கஷாயம் போட அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிலருக்குக் களைப்பு, கழுத்தில் படபடவென்று துடிப்பு, மூச்சுத் திணறல் இருக்கும். மேலறையும் கீழறையும் ஒத்துப் போகாமல் துடிப்பதாலும் இப்படி வரும். கருவியை வெளியிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் சோதித்து, அளவை மாற்றலாம். கத்தி வேண்டாம். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ ஒருநாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் பற்று, எண்ணெய் ஒத்தடம், வர்மத் தடவல் எதுவும் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

"மருதம்பட்டை இதயத்துக்கு நல்லதுதானே?" என்பார்கள். நல்ல மூலிகைதான். ஆனால் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் தானாகச் சேர்த்துக்கொள்ளலாமா? அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். இதய நோயாளிக்கு இரண்டுமே ஆகாது. எந்த மருந்தானாலும் இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்தே சாப்பிடுங்கள்.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. இவர்களுடைய நாடியில் பாதிப் பேச்சு மெஷினுடையது! அதன் வேகத்தை வைத்து வாதம், பித்தம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவோம்.

ஒன்றை மட்டும் பயப்படாமல் கவனியுங்கள். ஒயர் நகரக் கூடாதே என்று முதல் சில வாரங்கள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். சிலர் பயத்தில் மாதக்கணக்கில் அசைக்காமலே வைத்து, தோள்பட்டை இறுகி, அந்த வலியை நெஞ்சுவலி என்று நினைத்துத் தூக்கம் கெடுகிறார்கள். எப்போதிலிருந்து கையைத் தூக்கலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெட்மாஸ்டர் இப்போதும் வருகிறார், முழங்கால் வலித் தைலத்துக்கு. பேஸ்மேக்கர் அட்டையை முதலில் மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.