கொசுவுக்குச் சாதி தெரியாது, சுவருக்குத் தெரியும்

"கொசு என்ன சாதி பாத்தா கடிக்குது?" நாம் சுகாதாரம் பற்றிப் பேசினாலே படித்தவர்கள் வீசும் கேள்வி இது. கொசு பார்ப்பதில்லை. யாருக்கு எங்கே வீடு என்று முடிவு செய்கிறவன் பார்க்கிறான்.

சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்த வெள்ளைக்காரன் மலையேறினான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஏற்காடு ஆரோக்கிய ஸ்தலமாயிற்று. யார் ஆரோக்கியம்? காடு இழந்த மலையாளிப் பழங்குடியும் மூட்டை சுமந்த நம் சனமும் அந்தக் கணக்கில் இல்லை. மலை என்றால் மலேரியா இல்லை என்பதும் பொய். 1897இல் நீலகிரி சிகூர் பக்கம் காபித் தோட்டத்தில் மலேரியாவை ஆராயப் போன ரொனால்ட் ராஸ் தானே காய்ச்சலில் விழுந்தார்.

"இப்பத்தான் மலேரியா கொறஞ்சு போச்சே" என்பார்கள். தமிழ்நாட்டில் குறைந்திருக்கிறது, உண்மை. 1965இல் நாடு முழுக்க ஒரு லட்சமாகக் குறைந்ததும் உண்மை. அசந்த பிறகு 1976இல் 64 லட்சமானதும் உண்மை. நோய் குறைந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் குறையும். அங்கே மாசமாக இருக்கிறவளுக்குக் காய்ச்சல் கண்டால் ஆபத்து அதிகம். ஃபால்சிபாரம் கிருமி நஞ்சுக்கொடியில் போய்த் தங்கும். தாய்க்குச் சோகை, பிள்ளை எடை குறைந்து பிறக்கும், செத்தும் பிறக்கும். அரைவயிற்றுக் கூலியில் ஏற்கெனவே வெளுத்தவளுக்கு இது இரண்டாவது அடி.

அடுத்த பாட்டு: "வடக்கத்தியான் கொண்டாறான்." ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிறவள் யார் தோழர்களே? அங்கே நிலம் இழந்த ஆதிவாசி, தலித். அவள் நோயைச் சுமந்து வரவில்லை. நோயும் வறுமையும் சேர்ந்து அவளைச் சுமத்தி அனுப்பியிருக்கின்றன.

தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் தருவது முதலாளி கடமை என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சிறு தோட்டங்களை வெளியே விட்டது. கொசு ஏக்கர் கணக்கும் பார்ப்பதில்லை. வங்கியில் எஸ்டேட் கடன் மனுக்களைப் புரட்டுகிறவன் நான். காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் மதிப்புப் போட்டிருக்கும். லைன் வீட்டில் படுத்திருக்கிறவளுக்கு ஒரு வரி கிடையாது.

நாம் கேட்பது தருமம் அல்ல. காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அன்றே ரத்தப் பரிசோதனை. மருந்து தடவிய கொசுவலை. வைவாக்ஸ் கிருமி ஈரலில் பதுங்கும். அதை ஒழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடாது. ஆகவே பிரசவத்துக்குப் பிறகும் அவளைத் தேடிப் போக வேண்டும், அவள் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போனால் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லைன் வீட்டுக்குள் போய்க் கேளுங்கள்: "அக்கா, வலை குடுத்தாங்களா? ரத்தம் எடுத்தாங்களா?" பதிலை எழுதிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போராட்டம் அங்கே தொடங்கட்டும்.