அன்று நான் எங்கே இருந்தேன்?

எம்.எச்.370 விமானம் காணாமல் போன செய்தியை எங்கே, எப்படிக் கேட்டேன் என்பது எனக்கு அப்படியே நினைவிருப்பதாக நம்பியிருந்தேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. இரவுச் சாப்பாடு முடிந்து அம்மாவும் நானும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறோம். அம்மா கையில் தேநீர். குடிக்க மறந்து அழுகிறார். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதைச் சொல்வேன்.

இவ்வாண்டு படிவம் மூன்று மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். “டீச்சர், அந்தச் செய்தி காலையில்தானே வந்தது?”

அவள் கேட்டது சரி. 2014 மார்ச் 8, சனிக்கிழமை அதிகாலையில் 239 பேருடன் பறந்த விமானத்தின் தொடர்பு அறுந்தது. அன்று காலையே விமான நிறுவனம் அதை அறிவித்துவிட்டது. வீட்டில் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். மார்ச் 8 அன்று நான் ஈப்போவில், தோழியின் அறையில் இருந்திருக்கிறேன். அம்மாவோடு இருந்தது மார்ச் 24, பள்ளி விடுமுறை. விமானம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் முடிவுற்றது என்று பிரதமர் நஜிப் அறிவித்த இரவு அது. இரண்டு நாள்களை என் மூளை ஒன்றாக ஒட்டிவிட்டது!

அதிர்ச்சியான செய்தி கேட்ட கணம், கேமரா விளக்கு மின்னியதுபோல் மனத்தில் பதிகிறது என்று 1977இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற உளவியலாளர்கள் எழுதினார்கள். அதற்கு ‘ஃபிளாஷ்பல்ப் நினைவு’ என்று பெயரிட்டார்கள். ஆனால் அது உண்மையில் புகைப்படம்தானா?

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் இறந்தனர். மறுநாளே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதையே மீண்டும் கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு முக்கிய விவரங்கள் எல்லாமே தவறு. ஆனாலும் பலர் உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

காரணம், நினைவு பெட்டியில் பூட்டிய பொருள் அல்ல. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதை மறுபடி கட்டுகிறது. துயரம் ஆழமாகப் பதியும். நாளும் இடமும் நழுவும்.

ஆகவே மாணவர்களே, உறுதியாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. 2013 அக்டோபரில் ரிங்லெட் அருகே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அணை நீர் புகுந்த இரவைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இருவர் வேறுவேறாகச் சொன்னால், ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். இருவர் சொல்வதையும் எழுதி, அன்றைய நாளிதழோடு ஒப்பிடுங்கள். நாளை பெரிய செய்தி எதுவும் வந்தால், அன்றிரவே தேதி, நேரம், இடம், சொன்னவர் என நான்கு வரி எழுதி வையுங்கள்.

அம்மா இப்போது இல்லை. அவர் அழுதது உண்மை, நாள்தான் தவறு. அதைத் திருத்திக்கொண்டதால் அம்மாவின் நினைவு எனக்குக் குறைந்துவிடவில்லை. கை உயர்த்திய மாணவிக்கு நன்றி.