எரிச்சலும் ஏவலும்: இணையப் பேச்சுக்கு எங்கே வரம்பு?

2012 ஏப்ரலில், யாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் மேற்கு வங்க முதலமைச்சரைப் பகடிசெய்யும் கேலிச்சித்திரம் ஒன்றைத் தம் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அதற்காகக் கைதானார், சங்கப் பொறுப்பிலிருந்த முதியவர் ஒருவரும் உடன் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அவர்கள்மீது பாய்ந்தது. 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், அப்பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிரிவு மாண்டது, வழக்கு மாளவில்லை. பேராசிரியர் விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். முதியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இணையப் பேச்சுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றத் தலைப்பாகக் கேட்பதில் பயன் குறைவு. அரசியலமைப்பின் 19(2) உறுப்பு கட்டுப்பாட்டை ஏற்கெனவே அனுமதிக்கிறது. தெருமுனையில் குற்றமாகும் மிரட்டல் திரையிலும் குற்றமே. கேட்க வேண்டியது வேறு: சட்டம் தண்டிப்பது பேசியவர் செய்த செயலையா, கேட்டவர் மனத்தில் எழுந்த உணர்வையா?

மொழியியல் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒன்றைச் சொல்வதன் வாயிலாகவே நிகழும் செயல் வேறு, சொன்னதனால் கேட்பவரிடம் விளையும் பயன் வேறு என்று ஜே. எல். ஆஸ்டின் பிரித்துக் காட்டினார். ஆணையிடுதல், மிரட்டுதல், ஏவுதல் முதல்வகை. எரிச்சலுறுதல், வருந்துதல், திடுக்கிடுதல் இரண்டாம்வகை. முன்னதை, சொல்லையும் சூழலையும் பேசியவரின் நிலையையும் கொண்டு ஆராய முடியும். பின்னதற்குக் கேட்பவரின் மனமே அளவுகோல். அது ஆளுக்கு ஆள் மாறும். 66ஏ பிரிவின் சொற்களில் பல இந்த இரண்டாம்வகையைச் சார்ந்தவை: கடுமையாகப் புண்படுத்துதல், எரிச்சல், அசௌகரியம். இவற்றுள் எதற்கும் வரையறை இல்லை. தண்டனை மட்டும் மூன்றாண்டு வரை இருந்தது. பிரிட்டனில் ‘கடுமையாகப் புண்படுத்துதல்’ என்ற இதே தொடரை வைத்துக்கொண்டு, ஒரே வழக்கில் கீழ்மன்றமும் மேல்மன்றமும் எதிரெதிர் முடிவுக்கு வந்ததை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் சுட்டியது. நீதிபதிகளுக்கே பிடிபடாத பொருள் காவல் நிலைய எழுத்தருக்கு எப்படிப் பிடிபடும்? விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், தூண்டுதல் என மூன்றைப் பிரித்து, தூண்டுதல் என்ற எல்லையை எட்டும்போதே சட்டம் தலையிடலாம் என்றது அத்தீர்ப்பு.

அப்படியெனில் சாதி இழிவுரையும் வெறும் ‘உணர்வு’ தானா என்ற கேள்வி எழும், எழ வேண்டும். இல்லை என்பதே விடை. இழிவுபடுத்துதல் என்பது சொல்லும்போதே நிகழ்ந்துவிடும் செயல். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் உள்நோக்கத்துடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. யாரை, எங்கே, என்ன நோக்கத்துடன் என மூன்றையும் அது கேட்கிறது. இணையத்தில் வெளியாகும் பேச்சும் அந்தப் பொதுப் பார்வைக்குள் அடங்கும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. முதலமைச்சரைக் கேலிசெய்யும் சித்திரத்தையும் இதையும் ஒரே தராசில் வைப்பவர், ஒன்று இரண்டையும் வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் மறைக்கிறார்.

2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்அப் வரம்பிட்டது. கருத்தைத் தொடாமல் பரவலின் வேகத்தை மட்டும் தொட்ட கட்டுப்பாடு அது. யாரும் சிறைக்குப் போகவில்லை, எச்சொல்லும் தடைசெய்யப்படவில்லை. கட்டுப்பாடு என்றதும் கைவிலங்கையே நினைக்கும் பழக்கம் இருதரப்பாரிடமும் உண்டு.

இன்றைய சிக்கல் 66ஏ அன்று. அதே தீர்ப்பில் தப்பிய 69ஏ. காரணங்கள் எழுத்தில் பதியப்படுகின்றன, ஆகவே தடையாணையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பது அது செல்லும் என்று கொள்ளப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. ஆனால் 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதி, புகாரையும் நடவடிக்கையையும் முற்றிலும் மறைவாக வைக்கச் சொல்கிறது. 8ஆம் விதியோ, எழுதியவருக்கு ‘அல்லது’ தளத்துக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. எழுதியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நடைமுறையிலோ, தம் பதிவு முடக்கப்பட்டது என்பதைத் தளத்தின் ஒற்றைவரிச் செய்தியால் அறிந்து, ஏன் என்பதை அறியாதவர் பலர். ‘அல்லது’ என்னும் ஓர் இடைச்சொல் இத்தனை வேலை செய்கிறது.

19(2) முதலில் எழுதப்பட்டபோது ‘நியாயமான’ என்ற அடை அதில் இல்லை. மதராஸ் அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதும், 1951இல் முதல் திருத்தம் வந்தது. கட்டுப்பாட்டின் களங்களை விரித்த அதே திருத்தம்தான் அந்த அடையையும் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் அளக்க அச்சொல்லே பிடிமானம். காரணத்தைக் காட்டாத ஆணையை அது கொண்டு எப்படி அளப்பது? யாதவ்பூர்ப் பேராசிரியருக்குத் தம்மீதான குற்றச்சாட்டு எதுவென்றாவது தெரிந்திருந்தது. 16ஆம் விதியை நீக்குவதும், 8ஆம் விதியில் ‘அல்லது’ உள்ள இடத்தில் எழுதியவருக்கும் தளத்துக்கும் என்று திருத்துவதும் பெரிய வேலையன்று; அவை விதிகள் என்பதால் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.